பழைய லேப்டாப் வாங்கறீங்களா, கடையில ஒரு மணி நேரம் உக்காருங்க

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் காலேஜ் சேரப்போற புள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடுறவங்க முதல்ல கேக்கறது உள்ள இருக்கிற இன்டெல் ப்ராசசர் ஐ5ஆ ஐ7ஆன்னுதான், ஆனா அதைவிட முக்கியம் அது எத்தனாவது ஜெனரேஷன், அதாவது எத்தனாவது தலைமுறைங்கறது. ஐ5க்குப் பின்னாடி வர்ற நம்பரைப் பாருங்க, 7200னா ஏழாவது, 8250னா எட்டாவது. விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11 முறைப்படி ஏத்தணும்னா இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவதாவது இருக்கணும். அதனால ஏழாவது ஐ7ஐ விட எட்டாவது ஐ5தான் மேல்.

என்னைக் கேட்டா ஆபீஸ்ல ஓடி வந்த லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 7490 மாதிரி வாங்குங்க, ரெண்டுலயும் ரேம் ஸ்லாட் ரெண்டு இருக்கு, 8 ஜிபியில வாங்கி கைல காசு வந்ததும் ஏத்திக்கலாம். திங்க்பேட்லயே எக்ஸ்1 கார்பன் ஒல்லியா அழகா இருக்கும், ஆனா ரேம் மதர்போர்டுலயே ஒட்டியிருக்கும், பின்னாடி ஒண்ணும் செய்ய முடியாது.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்ஸ். இதை யாரும் பாக்கறதில்ல. எங்க சித்தி பையன் போன வருஷம் ஒரு கடையில வாங்கிட்டு வந்தான், புதுசா விண்டோஸ் போடலாம்னு பென்டிரைவை சொருகி பயாஸுக்குள்ள போனா பாஸ்வேர்டு கேக்குது, பழைய கம்பெனி வெச்சது, கடைக்காரருக்கும் தெரியல, கடைசியில போர்டையே மாத்தவேண்டியதா போச்சு, பாவம். அதனால கடையிலயே ஆன் பண்ணுங்க, திங்க்பேட்னா எஃப்1, டெல்னா எஃப்2 தட்டி உள்ள போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டா எவ்வளவு கொறைச்சாலும் வேணாம்.

அப்புறம் பேட்டரி. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதுல டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு கணக்கு இருக்கும், ரெண்டாவது முதலாவதுல பாதிக்குக் கீழ போயிருந்தா புது பேட்டரி காசை விலையில கழிக்கச் சொல்லுங்க. டி480ல உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி, ரெண்டையும் பாக்கணும்.

நோட்பேடைத் திறந்து ஒரு கீ விடாம அடிங்க. மூடியை மெதுவா தூக்கிப் பாருங்க, கீல் பக்கம் நறுக்குன்னு சத்தம் வந்தா பிளாஸ்டிக் விட்டிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மெஷின்னா யுஎஸ்பி ஓட்டைக்குள்ள செல் டார்ச் அடிச்சுப் பாருங்க, உப்புக்காத்துல பச்சையா பூத்திருந்தா உள்ள போர்டும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்காரர் போட்ட விண்டோஸை நம்பாதீங்க, அதுல என்ன திருட்டு சாஃப்ட்வேர் இருக்கோ. 8 ஜிபி பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் சைட்லேருந்தே விண்டோஸ் 11 இறக்கி சுத்தமா புதுசா போடுங்க. விண்டோஸ் ஒரிஜினல் லைசன்ஸ் போர்டோட சேந்து இருந்தா, அதே எடிஷன் (ஹோம்னா ஹோம், புரோனா புரோ) போட்டீங்கன்னா நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா தூக்கிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுருங்க, இந்த ஒரு மாத்தத்துலயே மெஷின் புதுசு மாதிரி எந்திரிக்கும்.

எப்பவும் பிளக்குலயே கிடக்கும்னா பேட்டரி சீக்கிரம் போகாம இருக்க சார்ஜை 80 சதவீதத்துல நிறுத்தி வைங்க, திங்க்பேட்ல லெனோவோ வேன்டேஜ் ஆப்புல இருக்கு, டெல்னா பயாஸ்லயே இருக்கு. கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்னா மழைக்காலத்துல மட்டும் 100க்கு ஏத்திக்கங்க. அறுப்பு நேரத்துல வாசல்ல நெல் அறுப்பு மெஷின் ஓடுச்சுன்னா லேப்டாப்பை மூடி உள்ள வைங்க, அந்தத் தூசு ஃபேன்ல போய் அப்பிக்கும்.