லிப் டெம் எம்.பி.க்கள்: பிழையில்லாத பட்டியல் போடுவது எப்படி?

பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு இதுவரை யார் யார் எம்.பி.க்களாக இருந்தார்கள்? பொதுத் தேர்தல் முடிவுகளை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2017-இல் 12 பேர், 2019-இல் 11 பேர். ஜேன் டாட்ஸைக் காணோம்! 2019 ஆகஸ்ட் 1 அன்று பிரெக்கன் அண்ட் ராட்னர்ஷையர் இடைத்தேர்தலில் வென்று, அதே டிசம்பரில் தோற்றவர் அவர். பொதுத் தேர்தல் பட்டியல் எதிலும் அவர் பெயர் வர வழியே இல்லை. சரி, முதலிலிருந்து வருவோம்.

படி 1: கட்சி பிறந்த நாளைப் பிடியுங்கள். லிபரல் கட்சியும் எஸ்.டி.பி.யும் (சோஷியல் டெமாக்ரடிக் கட்சி) 1988 மார்ச்சில் இணைந்துதான் இந்தக் கட்சி பிறந்தது. லிபரல் கட்சியிலிருந்து வந்த பேடி ஆஷ்டவுன் 1983 முதலே எம்.பி.தான்; ஆனால் இந்தக் கட்சியின் எம்.பி.யாக 1988 முதல்தான். எஸ்.டி.பி.யின் ஐந்து எம்.பி.க்களில் டேவிட் ஓவன் உட்பட மூவர் இணைப்புக்கு வரவில்லை. அவர்களைச் சேர்க்காதீர்கள்.

படி 2: ஆளுக்கு ஒரு வரிசை வேண்டாம், பதவிக்காலத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். பெயர், தொகுதி, தொடங்கிய நாள், எப்படி வந்தார், முடிந்த நாள், எப்படிப் போனார் என்று ஆறு கட்டங்கள் போதும். ஜோ ஸ்வின்சனுக்கு 2005–2015, 2017–2019 என இரண்டு வரிசை வரும். இடையில் இருக்கும் இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டு “2005–2019” என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

படி 3: இடைத்தேர்தலையும் கட்சித் தாவலையும் தனியாகத் தேடுங்கள். நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான். 2019 செப்டம்பர் 3 அன்று, பிரதமர் போரிஸ் ஜான்சன் அவையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி. ஃபிலிப் லீ எழுந்து போய் லிபரல் டெமாக்ரட் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த வருடம் இப்படி வந்தவர்களில் ஒருவர்கூட டிசம்பரில் ஜெயிக்கவில்லை. பால் மார்ஸ்டன் கதை இன்னும் வேடிக்கை: 2001-இல் லேபர் கட்சியிலிருந்து வந்தார், 2005 தேர்தலுக்கு முன்பே திரும்பிப் போய்விட்டார்.

படி 4: ஒரே பெயரில் இருவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். 1990-இல் பூட்டில் தொகுதியில் வென்ற மைக்கேல் கார் லேபர் கட்சிக்காரர். இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார். 1991-இல் ரிபிள் வேலியில் வென்ற மைக்கேல் கார்தான் நம் ஆள். தொகுதிகளிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் தலைகீழாக. லிப் டெம் எம்.பி. சைமன் ஹியூஸ் தொகுதி மாறவில்லை. எல்லை மறுவரையறையில் தொகுதியின் பெயர்தான் மாறிக்கொண்டே போனது.

படி 5: முடிவு நாளுக்கு ஒரே விதி வையுங்கள். 2019-இல் நாடாளுமன்றம் கலைந்தது நவம்பர் 6, வாக்குப்பதிவு டிசம்பர் 12. கலைந்தபின் யாரும் எம்.பி. இல்லை என்பதால் நான் கலைந்த நாளையே எழுதுகிறேன். வின்செஸ்டர் தொகுதியை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: 1997 மே மாதம் மார்க் ஓட்டன் 2 வாக்கில் வென்றார், நீதிமன்றம் அது செல்லாது என்றது, நவம்பர் இடைத்தேர்தலில் 21,556 வாக்கு வித்தியாசத்தில் திரும்பி வந்தார். அவருக்கும் இரண்டு வரிசை.

படி 6: தலை எண்ணுங்கள். ஏதாவது ஒரு தேதியை எடுத்து, அன்று பதவியில் இருந்தவர்களின் வரிசைகளைக் கூட்டிப் பாருங்கள். 2005 தேர்தல் முடிந்ததும் 62, 2010-இல் 57, 2015-இல் 8 வர வேண்டும். அப்புறம் 2019 ஜனவரி 1-ஐ எடுங்கள். 11 வர வேண்டும். 12 வந்தால் ஸ்டீபன் லாய்டைப் பாருங்கள்: பிரெக்சிட் விவகாரத்தில் 2018 டிசம்பரில் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலகி, அடுத்த ஆண்டு அக்டோபரில் திரும்பியவர். அந்த இடைவெளியிலும் எம்.பி.யாகத்தான் இருந்தார், நம் பட்டியலில் மட்டும் இருக்கக் கூடாது.