நஞ்சேறிய மண்ணைப் பூஞ்சணத்தால் தூய்மைப்படுத்துதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடைநாசினி மிஞ்சிய மண்ணைப் பூஞ்சணத்தைக் கொண்டு தூய்மைப்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் கிழக்கிலங்கையில் படுவான்கரையிலோ அக்கரைப்பற்றுப் பக்கத்திலோ அதைச் செய்ய நினைப்பவர் முதலில் வயலிலேயே கைவைத்தால், பிழை அங்கேயே தொடங்கிவிடும். சிப்பிக் காளான் உட்பட, மரத்துக்கு உறுதிதரும் இலிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கும் வெண்ணழுகல் பூஞ்சணங்களுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது. பெரும்போகத்தில் நீர் கட்டி நிற்கும் களிமண்ணில் அது கிடையாது. ஆகவே நாசினி கலக்கும் இடம், மருந்துத் தாங்கி கழுவும் மூலை, போத்தல் உடைந்து சிந்திய வாடியோரம் போன்ற சிறு மேட்டிடங்களையே தெரிந்தெடுக்க வேண்டும். அந்த மண்ணை அள்ளி, மழை படாத கூரையின் கீழ், தடித்த பொலித்தீன் மேல் குவித்துச் செய்வது இன்னும் நல்லது.

காளான் வித்தை (வளர்ப்புக்கென விற்கும் பூஞ்சண இழையை) மண்ணில் நேரே தூவுவதும் வீண். பூஞ்சணத்தின் உணவு நாசினி அன்று. வைக்கோலையோ மரத்தூளையோ செரிப்பதற்காக அது சுரக்கும் லக்கேஸ், மங்கனீசுப் பெரொட்சிடேசு போன்ற நொதியங்கள் பலவகைச் சேர்வைகளையும் தாக்குபவையாதலால், அருகிலுள்ள நாசினியும் சேர்ந்து சிதைகிறது. நறுக்கி ஊறவைத்த வைக்கோலை 60 முதல் 80 பாகை செல்சியசு வெந்நீரில் ஒரு மணிநேரமாவது வைத்து, வடித்து ஆறவிட்டு, வித்தைக் கலந்து, வெண்ணிழைகள் பஞ்சுபோல் படர்ந்து வைக்கோலை ஒரே கட்டியாகப் பிணைத்த பின்னரே மண்ணுடன் சேர்க்க வேண்டும். பூஞ்சணங்களைக் கொல்லும் பங்கசுநாசினி அடித்த வயலின் வைக்கோல் இதற்கு ஏற்றதல்ல. விரைவாகட்டும் என்று யூரியாவைத் தூவவும் வேண்டாம்: நைதரசன் மிகும்போது சில வெண்ணழுகல் இனங்களில் இந்நொதியங்களின் சுரப்புக் குறைந்துவிடும்.

கடையில் விற்கும் திரைக்கோடேர்மா என்னும் பூஞ்சணத் தூளை இதற்குப் பதிலாகப் போடுவதும் பொருந்தாது. அது பயிர்நோய்ப் பூஞ்சணங்களை அடக்குவதற்கானது. போதாக்குறைக்கு, காளான் வளர்ப்போர் அஞ்சும் பச்சைப் பூசணமும் அந்தக் குடும்பமே.

மணம் போய்விட்டது, மண் சுத்தமாகிவிட்டது என்று முடிவுகட்டுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. குளோர்பைரிபொசு என்னும் பூச்சிநாசினி சிதையும்போது உருவாகும் திரைகுளோரோபிரிடினோல், மூலப்பொருளைவிட எளிதில் நீரில் கரைந்து கீழிறங்கக்கூடியது. கிணற்று நீர் ஆழமில்லாத கரையோர மணற்பாங்கில் இது சிறிய விடயமன்று. இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பான் என்னும் பூச்சிநாசினியிலிருந்து தோன்றும் எண்டோசல்பான் சல்பேற்றோ, மூலப்பொருளுக்கு நிகரான நச்சுத்தன்மையுடன் அதைவிட நெடுங்காலம் மண்ணில் தங்கும். எனவே தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது, நாசினியின் அளவை மட்டுமன்றி அதன் சிதைவுப் பொருள்களின் அளவையும் கேட்டுப் பெற வேண்டும்.

மண்ணில் செம்பு, ஆசனிக்கு, கட்மியம் ஆகியவையும் கலந்திருந்தால், அவை மூலகங்கள். எந்த நொதியமும் அவற்றைச் சிதைக்காது. கட்மியத்தைக் காளான் தன்னுள் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். ஆதலால் அந்தக் குவியலில் முளைத்த காளான் எவ்வளவு கொழுத்திருந்தாலும் சந்தைக்கோ கறிச்சட்டிக்கோ போகக்கூடாது. எஞ்சிய வைக்கோலை மாட்டுக்கும் போடக்கூடாது.