பிராசஸருக்குப் பணம், மதர்போர்டுக்கு மிச்சம்: இந்தத் தவறைச் செய்யாதீர்கள்

அக்கா மகன் வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். பிராசஸர் இன்டெல் ஐ7-12700. அதற்கே கைப்பணம் கரைந்துவிட்டதால், கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த எச்610 மதர்போர்டை எடுத்துக்கொண்டான். ஒரு கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்து, முழு வீடியோவாக மாற்ற ரெண்டர் போட்டபோதுதான் வினை தெரிந்தது. 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த வேகம் பத்தே நிமிடத்தில் 2-க்குக் கீழே இறங்கிவிட்டது. பிராசஸரோ அப்படியொன்றும் சூடாகவில்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வேகம் திரும்பியது.

கொதித்துக்கொண்டிருந்தது விஆர்எம். கேபினெட்டுக்குள் இருக்கும் மின்சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய ஏறக்குறைய 1.2 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் மதர்போர்டுப் பகுதி அது. அது அளவுக்கு மேல் சூடானால், பிராசஸரின் வேகம் தானாகக் குறைக்கப்படும். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகளும், பக்கத்தில் உள்ள சின்னக் கறுப்புச் சிப்களும்தான்.

பலரும் ஏமாறுவது வாட் கணக்கில். ஐ7-12700-க்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. வேலை கூடும்போது தானாக வேகத்தை ஏற்றும் டர்போவில் 180 வாட் வரை இழுக்கும். 180 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 150 ஆம்பியர் வேண்டும். வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான்! வரும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு வீணானாலும், அந்தச் சின்ன இடத்தில் 20 வாட் வெப்பம் தேங்கும். ஏஎம்டியிலும் இதே கதை: ரைசன் 9 7950எக்ஸுக்கு 170 வாட் என்பார்கள், சாக்கெட் வழியாக 230 வாட் வரை போகும்.

‘இந்த போர்டு இந்த பிராசஸரை சப்போர்ட் செய்யும்’ என்று நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பொருந்தும், ஆன் ஆகும் என்பதற்குத்தான் அது உறுதி. மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுமா என்பது வேறு கேள்வி.

அடுத்தது ஃபேஸ் எண்ணிக்கை, அதாவது விஆர்எம்மில் மின்சுமையைப் பங்குபோடும் பிரிவுகள் எத்தனை என்பது. போர்டின் விவரத்தில் 12+1+1 என்று இருந்தால் பிராசஸரின் கோர்களுக்கு மின்சாரம் தருவது முதல் எண் மட்டுமே. கூட்டி 14 என்று விளம்பரம் செய்வார்கள். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பாருங்கள். 50 ஆம்பியருக்கும் 90 ஆம்பியருக்கும் ரொம்ப வித்தியாசம். அப்புறம், விஆர்எம் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று போட்டோவிலேயே தெரியும். வெறும் சிப்கள் தெரிந்தால் ஐ7, ஐ9 பக்கம் அந்த போர்டைக் கொண்டுபோகாதீர்கள். ஐ5-12400 போன்றவை டர்போவிலும் 117 வாட்தான் என்பதால் எளிய போர்டே போதும். அங்கே வீணாகச் செலவழிக்க வேண்டாம்.

வாட்டர் கூலர் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சாதாரண கூலரின் ஃபேன் விஆர்எம் மேலும் கொஞ்சம் காற்றை அனுப்பும்; வாட்டர் கூலரில் அதுவும் இல்லை. மே மாதத்தில் ஏசி இல்லாத நம் ஊர் அறையில் கேபினெட் ஃபேன் கட்டாயம் வேண்டும்.

விலை உயர்ந்த போர்டு என்றாலும், அதிலுள்ள அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யாமல் விடாதீர்கள். 2023-இல் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிப்போயின. மெமரி வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்யும்போது போர்டுகள், பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றின. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது பயாஸ் அப்டேட் வழியாகத்தான்.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? போர்டை மாற்றும் முன் பயாஸில் பவர் லிமிட்டை, அதாவது பிராசஸர் எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். அக்கா மகனின் போர்டில் அது வரம்பே இல்லாமல் திறந்து கிடந்தது. 100 வாட்டுக்கு இறக்கினோம். ரெண்டர் சற்று மெதுவாகத்தான் போகிறது. ஆனால் நடுவில் வேகம் விழுவதில்லை, டேபிள் ஃபேனும் தேவைப்படவில்லை.