என்சிசி எண்ணை வைத்து ஜாதகம் எழுதாதீர்கள்

பேசின் பிரிட்ஜ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரயில் இன்ஜினின் நெற்றியைப் படிக்கத் தெரியும். ராயபுரம் ஷெட்டிலிருந்து வரும் டபிள்யூஏபி-7 என்றால், டபிள்யூ அகலப்பாதை, ஏ ஏசி மின்சாரம், பி பயணிகள் வண்டி, 7 மாடல். அதே பழக்கத்தோடு ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரையும் படங்களையும் பார்க்க உட்கார்ந்து, கப்பலின் எண்ணை வைத்தே அதன் வகையையும் வரலாற்றையும் சொல்லப் பார்த்தால் வம்புதான்.

அதில் வரும் எண்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலின் பதிவு எண் என்சிசி-1701. அதை வரைந்த மேட் ஜெஃப்ரீஸே, ‘17ஆவது வடிவம், அதில் முதல் கப்பல்’ என்று ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். சரி, 1967இல் வந்த எபிசோடில் கான்ஸ்டலேஷன் என்றொரு கப்பல், அச்சு அசல் அதே உருவம். எண் மட்டும் 1017. ஜெஃப்ரீஸ் கணக்குப்படி அது 10ஆவது வடிவமாக அல்லவா இருக்க வேண்டும்? உடனே ரசிகர்கள் ‘பழைய வகைக் கப்பல், பிற்பாடு புதுப்பித்தார்கள்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நடந்தது இவ்வளவுதான்: கடையில் விற்ற ஏஎம்டி நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் பிளாஸ்டிக் பொம்மை கிட்டை வாங்கி, சேதப்படுத்தி, கூட வந்த 1701 ஸ்டிக்கரின் இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டினார்கள்.

அடுத்தது, பிரபலமான கப்பலின் பெயரையே வகைக்கும் சூட்டுவது. 2016இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை, கொல்கத்தா வகைக் கப்பல். வகைக்கு முதல் கப்பலின் பெயர், அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பெயர் என்பதற்காக அதைச் சென்னை வகை என்றால் துறைமுகத்தில் சிரிப்பார்கள். எண்டர்பிரைஸும் அப்படித்தான், கான்ஸ்டிடியூஷன் வகை. ஆனால் 1960களின் தொடரில் அதன் பெயர்ப்பலகையில் வெறும் ‘ஸ்டார்ஷிப் கிளாஸ்’ என்றிருக்கும். 1982 ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் பயிற்சி அறைக் கதவில் ‘எண்டர்பிரைஸ் கிளாஸ்’ என்றே எழுதியிருந்தார்கள்! ஒரே ஒரு பலகையின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி யாராவது அடித்துப் பேசினால் அசந்துவிடாதீர்கள்.

எண்ணில் என்சிசிக்குப் பதிலாக ‘என்எக்ஸ்’ என்று பார்த்ததும் சோதனைக் கப்பல் என்று முடிவு கட்டுவது பாதிதான் சரி. எக்ஸெல்சியர் என்ற கப்பல் 1984 படத்தில் என்எக்ஸ்-2000, 1991 படத்தில் என்சிசி-2000. இதுவரை கணக்கு ஒத்துவரும். டிஃபையன்ட் என்ற கப்பலோ முழுநேரப் பணிக்கு வந்த பிறகும் என்எக்ஸை விடவில்லை. 2001 தொடரில் என்எக்ஸ் என்பது வகையின் பெயராகவே ஆகிவிட்டது.

அப்புறம், உடம்பில் கூடுதலாக ஒரு புடைப்பு தெரிந்தால் உடனே தனி உபவகை கண்டுபிடிப்பது. 1994 படத்தில் வந்த எண்டர்பிரைஸ்-பி, எக்ஸெல்சியருக்காகச் செய்த அதே படப்பிடிப்பு மாடல்தான். கதைப்படி அதன் கீழ்ப்பகுதி பிய்த்தெறியப்பட வேண்டும். அசல் மாடலில் கை வைக்காமல் அந்தச் சேதத்தைக் காட்டத்தான் பக்கவாட்டில் மேலே துண்டுகளைச் சேர்த்தார்கள். அதற்குள் என்ன இயந்திரம் இருக்கும் என்று கற்பனை செய்வது சுகமான பொழுதுபோக்கு. தாராளமாகச் செய்யுங்கள், ‘என் யூகம்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு.

நீளச் சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் எக்ஸிக்யூட்டர் கப்பல் பழைய புத்தகங்களில் 8 கிலோமீட்டர், பிந்தையவற்றில் 19. யாராவது நீளம் கேட்டால், எந்த ஆண்டுப் புத்தகம் என்று திருப்பிக் கேளுங்கள்.