ராட்சத நத்தை: கைபடாமல் பொறுக்கி அழிக்கும் முறை

ஆப்பிரிக்க ராட்சத நத்தை 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்தது. ஒன்றே ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எந்த நத்தையும் முட்டையிடும், ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை. அதனால் ஒரு வீட்டார் மட்டும் பொறுக்கிப் பயனில்லை. லயம் முழுக்க ஒரே மாலையில் இறங்க வேண்டும்.

முதலில் ஆளை அடையாளம் பாருங்கள். இதன் ஓடு கூம்புபோல் நீண்டு, மண்ணிறத்தில் கருங்கோடுகளோடு இருக்கும், வாயோரம் மெல்லியது. ஓடு உருண்டு பரந்து, வாயோரம் தடித்து வெளியே மடிந்தபடி மரத்தில் ஒட்டியிருந்தால் அது நம் நாட்டுக்கே உரிய அகேவஸ் நத்தையாக இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள், பாவம், அது கோவாவைத் தேடி வரவில்லை.

பிற்பகலில் பாத்தியோரம் சாக்கை நனைத்து விரித்து, அடியில் கோவா இலையும் பப்பாளித் தோலும் போடுங்கள். பொழுது சாய்ந்ததும், மறுநாள் வெயில் ஏறுமுன்னும் சாக்கைப் புரட்டிப் பொறுக்கலாம். கற்கட்டு, கான் ஓரம், வாழைத்தூர், பலகைக் குவியல் எல்லாம் இதன் பகல் வீடு. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் தேடுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவை என்பதால் பூச்சைச் சுரண்டித் தின்னும்.

கையுறை இல்லையா? இரண்டு ஷொப்பிங் பேக்கைக் கையில் மாட்டுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் புழுவின் குஞ்சுகள், எலி எச்சத்திலிருந்து நத்தைக்குள் போகின்றன. நத்தையைத் தொட்ட கை வாய்க்குப் போனாலோ, நத்தையை அரைவேக்காட்டில் தின்றாலோ அவை மூளையுறையைத் தாக்கலாம். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

பொறுக்கியதை மூடியுள்ள வாளியில், 1 லீற்றர் நீருக்கு 250 கிராம் உப்புக் கரைத்து, அதில் அமிழ்த்துங்கள். உப்பைப் பாத்தியில் தூவுகிறவர்கள் நத்தையோடு மண்ணையும் கெடுக்கிறார்கள். செத்ததை 2 அடி ஆழத்தில், பீலிக்கும் கிணற்றுக்கும் தூரமாகப் புதையுங்கள். ஓட்டை நொறுக்கிவிடுங்கள், மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். கடை நத்தை மருந்தில் பெரும்பாலும் இருப்பது மெட்டல்டிஹைட். நாய் தின்றால் செத்துப்போகக்கூடும்; வீட்டுத்தோட்டத்துக்கு நாங்கள் சொல்வதில்லை.

இத்தோடு விட்டால் பாதி வேலைதான். ஈர மண்ணை இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள். லேசாக மஞ்சள் ஏறிய சவ்வரிசிபோல், சுமார் 5 மில்லிமீற்றரில், கொத்தாக முட்டை கிடக்கும். வெந்நீரில் போட்டுக் கொல்லுங்கள். சில நாட்களிலேயே பொரிக்கக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை கிளற வேண்டும்.

சலாது, வல்லாரையை இலை இலையாக ஓடும் நீரில் கழுவுங்கள். உப்புநீரில் ஊறவைப்பதை நம்பாதீர்கள். கொதிக்கவைத்தால் புழு சாகும். சின்ன ஓடில்லா நத்தை கீரை மடிப்பில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

நத்தையைத் தொட்டோ பச்சைக்கீரை சாப்பிட்டோ சில வாரங்களுக்குள் கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, தோலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நத்தை தொட்டதையும், பச்சைக்கீரை சாப்பிட்டதையும் நீங்களாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள்.