சுவர் ஓவியருடன் காசுத் தகராறா? மேசையை விட்டு எழும்புங்கள்

படம் கீறினவர் மூன்றாம் தடவையாக வந்து நிற்கிறார், பில்லும் கோப்பும் பொருந்தவில்லை என்று கணக்காளர் வவுச்சரைத் திருப்பிவிட்டார். இந்த நிலையில் உங்கள் அரச அலுவலகத்தில் வைத்துக் கதைத்தால் குரல்தான் உயரும். அளவுநாடாவை எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு சுவரடிக்குப் போங்கள்.

அவர் 80 அடி நீளம், 7 அடி உயரம், 560 சதுர அடி என்று போட்டிருப்பார். நம் அலுவலகத்தில் அளந்தவர் 10 அடி கேற்றைக் கழித்து 490 என்று எழுதியிருப்பார். ஆனால் கேற்றுத் தூண் இரண்டிலும் பூ கீறியிருக்கும், யார் சொன்னது என்று கேட்டால் "சேர்தானே அதையும் செய்துவிடச் சொன்னீங்கள்" என்பார், பெரும்பாலும் அது உண்மைதான். சொன்னது நீங்கள் என்றால் ஒப்புக்கொண்டு, கூடுதல் வேலைக்குத் தனியாக ஒப்புதல் கேட்டு எழுதுங்கள். அதுவரை தகராறில்லாத 490க்கு உரிய காசை விடுங்கள், மிச்சத்துக்காக அதையும் மறிப்பது அநியாயம். மிச்சம் பேச்சில் இருக்கிறது என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் அவரும் பயமில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

பெயின்ற் உரிகிறது என்பதுதான் தகராறு என்றால் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். திருகோணமலை டைக் வீதிப் பக்கம் போல் கடலைப் பார்த்த சுவரில் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, சாந்துப் பூச்சும் ஈரமாகக் கொட்டினால் குறை சுவரில். அதற்காக அவருடைய காசை நீங்கள் வெட்டக்கூடாது. பழைய பெயின்ற் படலத்தோடு சேர்ந்து வருகிறதென்றால் சுரண்டாமல் மேலே பூசியிருக்கிறார், திருத்தித் தரச் சொல்லலாம். அதையும் கார்த்திகை மழைக்குள் கேட்காதீர்கள், ஈரச் சுவரில் பூசினால் திரும்ப உரியும், ஆனால் நிதியாண்டு முடிகிற மார்கழி 31 தாண்டினால் ஒதுக்கின காசும் போய்விடும். (இந்த வேலையையே ஆவணிக்குள் முடிப்பித்திருக்க வேண்டும், அது வேறு கதை.)

கோப்பை ஒளிக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

சரி, அளந்த கணக்கை அங்கேயே தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். "அடுத்த கிழமை வாங்கோ" என்று மட்டும் அனுப்பாதீர்கள். காசு வங்கியில் விழும் நாளைச் சொல்லுங்கள். மூதூரிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு வரவும் ஒரு நாள் கூலி.