வீட்டில் இருக்கும் மாவில் ரொட்டி

மைதா, ஆட்டா இரண்டில் எது இருந்தாலும் ஓவனில் சுடும் ரொட்டி வரும். தண்ணீர் அளவுதான் மாறும். 400 கிராம் மைதாவுக்கு 250 மில்லி போதும். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் சப்பாத்தி ஆட்டா என்றால் 290 வரை இழுக்கும், தவிடு ஈரத்தைக் குடிப்பதால். கேழ்வரகு, அரிசி மாவில் குளூட்டன் (மாவை இழுபட வைக்கும் புரதம்) இல்லை, காற்றைப் பிடித்து வைக்காது. மொத்த 400 கிராமில் இவை 80 கிராமுக்கு மேல் சேர்க்க வேண்டாம். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த செல்ஃப் ரைசிங் மாவை இதற்குத் தொடாதீர்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 7, சர்க்கரை 10, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பத்து நிமிடம் பிசையுங்கள். சிறு துண்டை விரல்களால் மெல்ல விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக வர வேண்டும். ஆட்டாவில் தவிடு குத்துவதால் கொஞ்சம் முன்பே கிழியும், பரவாயில்லை.

சிங்கப்பூர்ச் சூட்டில் மாவு வேகமாகப் பொங்கும். அதனால் குளிர்ந்த தண்ணீரே நல்லது. முக்கால் மணி நேரத்திலேயே பாருங்கள். இரண்டு மடங்கானால் போதும். அதிகம் விட்டால் புளிக்கும், ஓவனில் நடுவில் அமுங்கும். காற்றை அழுத்தி எடுத்து, சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து இன்னொரு அரை மணி நேரம்.

200 டிகிரி ஓவனில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். அடியைத் தட்டினால் வெற்றொலி வர வேண்டும். முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள்; சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். இங்குள்ள ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும், மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.